ஆனந்தலோகத்திலிருந்து பரலோகத்துக்கு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் பல ஆயிரம் ஆண்டுகள் சொல்லிக்கொள்கிற மாதிரி எதையும் கண்டுபிடிக்காமல் சும்மா இருந்துவிட்டு, கொரோனா வந்த ஆண்டில் திடுக்கிட்டு எழுந்து 'ஃபர்லோ'வைக் கண்டுபிடித்தது. நெருப்பும் சக்கரமும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு என்றைக்கு வந்து சேர்ந்தன என்பதற்குச் சான்று கிடையாது. ஃபர்லோ வந்து சேர்ந்ததற்கு உயிருள்ள சாட்சி இருக்கிறது. பெயர் சொர்ணவல்லி. உத்தியோகம், பேய்.

இலுப்பூருக்கு வெளியே 'ஆனந்தலோகம்' என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. செயற்கை அருவி, அலைக்குளம், ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் ராட்டினம், இவற்றுக்கு நடுவே பேய் பங்களா. பங்களாவின் இரண்டாவது திருப்பத்தில் தலையை விரித்துப்போட்டு நின்று அலறுவதுதான் சொர்ணவல்லியின் வேலை. கம்பெனி அவளுக்கு வழங்கியிருந்த பதவியின் பெயர் 'அச்ச அனுபவ உதவியாளர்'. பூங்கா திறந்த நாளிலிருந்து அவள்தான் பேய். கறம்பக்குடியிலிருந்து வேன் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்த கல்லூரிப் பையன்கள், அவளைத் தாண்டி வெளியே வந்து ஆளுக்கொரு சோடா குடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் மட்டும் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. "சம்பளத்துக்குக் கத்துறத ஓசியில யாராச்சும் கத்துவாங்களா?" என்பாள். இந்தக் கொள்கையால் பெரிய நன்மை அடைந்தவன் அவள் கணவன் பெரியகருப்பன். கல்யாணச் சமையலுக்குப் போகிறவன்.

ஊரடங்கு வந்தது. குன்றாண்டார்கோவில் குகைக்குள் இருக்கும் சிவனே ஆள் பார்க்காமல் தனித்திருந்தபோது ஆனந்தலோகம் மூடியதில் யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணங்கள் எண்ணி வைத்த ஆட்களோடு சுருங்கியதில் பெரியகருப்பனின் பெரிய அண்டாக்கள் எல்லாம் கவிழ்ந்து படுத்தன. வீட்டில் மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் சொர்ணவல்லியுடையது. அதுவும் பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்தது.

அப்போதுதான் நிர்வாக இயக்குநர் வைஷ்ணவி மேடம் சென்னையிலிருந்து வீடியோவில் பேசப்போவதாகச் செய்தி வந்தது. நல்ல போன் வைத்திருந்தவன் ராட்டினம் ஓட்டும் சேவுகன். நல்ல சிக்னல் கிடைத்தது அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில். ஆகவே ஆனந்தலோகத்தின் ஊழியர்கள் அத்தனை பேரும் மாட்டுக்கொட்டகையில் ஒரே போனுக்கு முன்னால் தலையோடு தலை முட்ட நின்று, சமூக இடைவெளியின் அவசியம் பற்றி மேடம் ஆற்றிய உரையை மிகுந்த கவனத்தோடு கேட்டார்கள்.

உரையின் முடிவில் மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி. உங்க யாரையும் நாங்க வேலையை விட்டு அனுப்பப் போறதில்ல. இன்னையிலேர்ந்து நீங்க எல்லாரும் ஃபர்லோல இருக்கீங்க."

"எங்க இருக்கமாம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"பரலோகத்துல" என்றான் சேவுகன்.

சொர்ணவல்லி போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "மேடம், எங்களுக்கு வேலை இருக்கா இல்லைங்களா?"

"கண்டிப்பா இருக்கு சொர்ணவல்லி. ஆனா நீங்க செய்யக் கூடாது."

"சம்பளம்?"

"அதுவும் இருக்கு. ஆனா நீங்க வாங்க முடியாது."

"அப்ப ரெண்டும் எங்க இருக்குங்க?"

"எங்ககிட்ட பத்திரமா இருக்கு" என்றார் மேடம் கனிவோடு.

எவ்வளவு தெளிவான பதில்! மாடு மட்டும் ஒரு முறை தலையை ஆட்டியது.

அப்புறம் மேனேஜர் குணசேகரன் விதிமுறைகளை வாசித்தார். ஃபர்லோவில் இருப்பவர் வேறு இடத்தில் வேலைக்குப் போகக் கூடாது. கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மனத்தை மகிழ்ச்சியாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவது விதியை மீறுபவர்கள் மீது என்ன நடவடிக்கை என்பது பின்னர் அறிவிக்கப்படும்.

சொர்ணவல்லி இரண்டாவது விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து கண்மாயில் நூறு நாள் வேலை தொடங்கியபோது முதலாவதை மீறினாள். ரேஷன் அரிசி இருந்தது. அரிசியோடு சேர்த்து உண்ண வேறு எதுவும் இல்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மண் வெட்டினாள். பஞ்சாயத்துக்காரர்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நம் மாவட்டத்தில் ஒரு படம் கண்மாயிலிருந்து குணசேகரனின் போனுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

"என்ன சொர்ணவல்லி இப்படிப் பண்ணிட்டீங்க?" சாவு வீட்டில் பேசும் குரலில் கேட்டார் அவர். "போட்டி நிறுவனத்துக்கு வேலைக்குப் போயிருக்கீங்க."

"சார், நான் கம்மாயில மண்ணுல்ல வெட்டுனேன்? அதுக்கும் பேய்க்கும் என்னங்க சார் போட்டி?"

"உங்க முகம் கம்பெனியோட பிராண்டும்மா. அந்தப் பேய் பட்டப்பகல்ல மண்சட்டி தூக்கிட்டுப் போறதை ஜனங்க பார்த்துட்டா நாளைக்கு எவன் பயப்படுவான்?"

"அங்கிட்டு இருந்தவங்க எல்லாம் எங்க ஊருக்காரங்கதாங்க. எப்பயும் எனக்குப் பயந்ததே இல்ல."

"பார்த்தீங்களா? சேதாரம் ஏற்கெனவே ஆயிடுச்சு." அவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கும் போனீங்கன்னா நீங்களா வேலையை விட்டுட்டதா அர்த்தம். அப்புறம் ஃபேமிலியில இடம் கிடையாது."

சொர்ணவல்லி அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்மாய் வேலை முடிந்தால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பங்களா திறந்தால் மாதா மாதம் வரும். ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அடையாள அட்டை தொங்கும் உத்தியோகம் இல்லை.

"போகலயா?" என்று காலையில் பெரியகருப்பன் கேட்டான்.

"போகக் கூடாதாம். நான் போனா பேய்க்கு மரியாதை கொறஞ்சுருமாம்."

"மனுசிக்கு?"

"அத பத்தி ஒண்ணும் சொல்லல."

மண்வெட்டியைக் கூரையில் சொருகிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டாள். மனத்தை மகிழ்ச்சியாக வைத்திருக்க முயன்றாள். விதி அல்லவா.

இந்த இடத்தில் ராட்டினம் குறுக்கிட்டது.

ராட்டினம் என்பது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஜீவன். சும்மா நின்றால் பேரிங் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை பாரம் ஏற்றிச் சுற்ற வேண்டும் என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். மணல் மூட்டை வாங்கலாம் என்று குணசேகரன் விசாரித்தார். மணலுக்கு அப்போது இருந்த மதிப்பைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். மணலுக்கு விலை இருந்தது. ஆனந்தலோகத்தின் ஊழியர்களோ அரசாங்கம் கொடுக்கும் ஆட்டுக்குட்டி மாதிரி 'விலையில்லா' நிலையில் இருந்தார்கள். மாபெரும் யோசனைகள் எல்லாம் இப்படி இரண்டு எளிய உண்மைகள் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன.

ஃபர்லோவில் இருப்பவர்களை வேலைக்கு அழைக்க முடியாது. விருந்துக்கு அழைக்கலாம். 'ஆனந்தக் குடும்ப தினம்: சிறப்பு விருந்தினராகத் தாங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி போயிற்று.

விருந்தினரை ஏற்றிப் போக பஸ் ஓடவில்லை. சரக்கு வண்டிக்கு மட்டும் அனுமதி. குணசேகரன் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, விருந்தினரைப் பின்னால் உட்காரவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார். "யாரும் பேசக் கூடாது. நீங்க சரக்கு" என்று அன்போடு கேட்டுக்கொண்டார்.

வழியில் போலீஸ் மறித்தது.

"உள்ள என்ன?"

"சரக்கு சார்" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த குணசேகரன்.

மதுக்கடைகள் பூட்டிக் கிடந்த நாள் அது. போலீஸ்காரர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஓர் ஒளி தெரிந்தது. "சரக்கா? தார்ப்பாயத் தூக்கு!"

தூக்கினார்கள். முகக்கவசம் போட்ட தலைகள் வரிசையாகத் தெரிந்தன. போலீஸ்காரர் முகத்திலிருந்த ஒளி அணைந்தது.

"என்னய்யா இது?"

"எடை சார். ராட்டினத்துக்கு ஏத்துற எடை."

அவர் யோசித்தார். ஆள் ஏற்றக் கூடாது என்று உத்தரவு இருந்தது. எடை ஏற்றக் கூடாது என்று எங்கும் இல்லை. சட்டம் இப்படித் தத்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சேவுகன் தும்மிவிட்டான்.

"எடை தும்முமாய்யா?"

"பழைய எடைங்க சார், சளி புடிச்சிருக்கு" என்றாள் சொர்ணவல்லி.

போலீஸ்காரர் ரோட்டுக்கு அங்கிட்டு போய் நின்றுகொண்டு, "எடுறா வண்டிய!" என்று கத்தினார். வண்டி எடுக்கப்பட்டது.

பூங்கா வாசலில் மேளதாளம் இல்லை. எடை போடும் மிஷின் இருந்தது. விருந்தினர் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். குணசேகரனின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சொர்ணவல்லி ஏறியதும் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா இது, பேயா இருந்தப்ப இருந்த எடை இல்லையே! எல்லாரும் இப்படிக் குறைஞ்சு வந்து நின்னா ராட்டினத்துக்கு எப்படிப் பத்தும்?"

சென்னைக்குப் போன் போயிற்று. வைஷ்ணவி மேடம் செய்தி கேட்டு மகிழ்ந்தார். "எல்லாருக்கும் வெயிட் குறைஞ்சிருக்கா? வாவ்! ஃபர்லோ ஹெல்த்துக்கு நல்லதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

"மேடம், பாரம் பத்தாம ஓட்டினா பேரிங்..."

பேரிங் என்றதும் மேடத்தின் குரல் இறங்கிற்று. பேரிங் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

"இப்ப என்ன பண்றது?"

சொர்ணவல்லிக்கு அது வரை அழுகை வருகிற மாதிரி இருந்தது. கொளுத்தும் வெயிலில் நிறுத்தி எடை போட்டுக் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அழுகை போய் வேறு ஒன்று வந்தது.

"சோறு போடணும் மேடம்" என்றாள் உரக்க. "பழைய எடை வேணும்னா பழையபடி திங்கணும்ல?"

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஸ்டாஃபுக்குச் சாப்பாடுன்னா பாலிசி இடம் கொடுக்காது" என்றார் மேடம்.

"ஸ்டாஃபுக்கு இல்லீங்க. ராட்டினத்துக்கு."

ராட்டினப் பராமரிப்புக்குப் பாலிசி தாராளமாக இடம் கொடுத்தது. அன்று மதியமே பெரியகருப்பனின் அண்டா வந்து இறங்கி நிமிர்ந்து உட்கார்ந்தது. சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, அப்பளம். பிள்ளைகளும் எடைதான் என்று சேவுகன் எடுத்துச் சொன்னதால் வீட்டிலிருந்த பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கனத்த வயிற்றோடு ராட்டினத்தில் ஏறிச் சுற்றினார்கள். இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் சொர்ணவல்லி அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. மேலே போனபோது கண்மாய் தெரிந்தது. ஆட்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

கீழே வந்ததும் சேவுகன் அவள் காதருகே குனிந்தான்.

"இது வாரத்துக்கு ஒரு நாள்தான் ஆத்தா. மத்த நாளைக்கு?"

"பேரிங் பிடிக்க ஆரம்பிச்சா?"

"பிடிக்க ஆரம்பிச்சா டெய்லி ஓட்டச் சொல்லுவாங்க. ஆனா அது கல்லுக்குண்டாட்டம் இருக்கே. சத்தமே இல்ல."

"சத்தம்தான வேணும்?" என்றாள் சொர்ணவல்லி. முகக்கவசத்தை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த சுற்றில் ராட்டினம் கிரீச்சிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் கூண்டு உச்சிக்குப் போகும்போது, இரும்பை இரும்பு மென்று தின்கிற மாதிரி ஒரு சத்தம். குணசேகரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். வாய் அசைவது வெளியே தெரியாதபடி நாடெங்கும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய அரசாங்கத்தை அன்று ஆனந்தலோகத்தின் ஊழியர்கள் மனதார வாழ்த்தினார்கள்.

போன் வழியாக மேடமும் சத்தத்தைக் கேட்டார். மறுநாளிலிருந்து தினமும் ஓட்டம், தினமும் முழுப் பாரம், தினமும் சாப்பாடு. அடையாள அட்டையில் 'அச்ச அனுபவ உதவியாளர்' என்று இருந்தவள், சம்பளம் எதுவும் இல்லாமல், பேரிங்காகப் பணியாற்றத் தொடங்கினாள். ஓசியில் கத்துவதில்லை என்ற கொள்கையை அவள் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. சோறு வந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைகளின் கன்னம் மெல்ல மெல்ல உருண்டது. குட்டியானை தினமும் போய் வந்தது. போலீஸ்காரர் தூரத்திலேயே வழியை விட்டார்.

ஆனால் நல்ல நிர்வாகம் எதையும் ஆராயாமல் விடாது. திருச்சியிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். அருண்குமார் என்று பெயர். மெலிந்த ஆள். தோளில் கருவிப் பை, சட்டைக் காலரில் அழுக்கு. வந்ததும் பேரிங்கைத் தட்டினார், தடவினார், காதை வைத்துக் கேட்டார்.

"இது புதுசு மாதிரி இருக்கே" என்றார்.

சேவுகன் முந்திக்கொண்டான். "ஆள் ஏறுனாத்தான் சார் கத்தும்."

"எந்தக் கூண்டுகிட்ட சத்தம்?"

சேவுகன் வாயைத் திறக்குமுன் குணசேகரன் சொர்ணவல்லியின் கூண்டைக் காட்டினார். இன்ஜினியர் அதே கூண்டில் அவளுக்கு எதிரே ஏறி உட்கார்ந்தார். ராட்டினம் கிளம்பியது.

முதல் சுற்றில், எதிரே ஆளிருக்க, சொர்ணவல்லி வாயைத் திறக்கவில்லை. சத்தம் வரவில்லை. கீழே பந்தியில் இலைக்கு முன்னால் காத்திருக்கும் பிள்ளைகள் சின்னதாகத் தெரிந்தார்கள். சத்தம் இல்லையென்றால் நாளைக்கு இலை இல்லை. இரண்டாம் சுற்றில், உச்சிக்கு வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். கிரீச்ச்ச்.

அருண்குமார் சுற்றிலும் பார்த்தார். மேலே பார்த்தார். அப்புறம் அவளுடைய முகக்கவசத்தைப் பார்த்தார். துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"நீங்க இங்க என்ன வேலைம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேய்ங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. கீழே இருந்து சாம்பார் வாசனை ஏறி வந்தது. அதை இரண்டு முறை நன்றாக இழுத்தார்.

"எங்க கம்பெனியிலயும் ஃபர்லோதாம்மா. ஃபர்லோல இருக்கிறவனை வேலைக்கு அனுப்பக் கூடாதாம். அதனால நான் வந்தது வேலை இல்லையாம், நல்லெண்ணப் பயணமாம்." கீழே இருந்த அண்டாவைப் பார்த்தார். "சாப்பாடு யார் சமையல்?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைப் போடுங்க. கொஞ்சம் அடித்தொண்டையிலேர்ந்து போடுங்க. பேரிங் அவ்வளவு கீச்சுன்னு கத்தாது."

கீழே இறங்கியதும் இன்ஜினியர் கவலையோடு தலையை ஆட்டினார். நிலைமை மோசம் என்றார். பூங்கா திறக்கும் வரை ஒரு நாள் விடாமல் ஓட்ட வேண்டும் என்றார். பாரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது, சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுவதே இயந்திரத்துக்கு உகந்தது, தானும் அடிக்கடி வந்து பார்ப்பேன் என்றார். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து மூன்று முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். ஆளே கொஞ்சம் கனத்து எழுந்தார்.

ஊரடங்கு முடிந்து ஆனந்தலோகம் திறந்தது. ஊழியர்கள் எல்லோரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒரு சிறிய மாற்றம் மட்டும் இருந்தது. ஃபர்லோ காலம் பணிக்காலத்தில் சேராது என்பதால் எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று குணசேகரன் வாழ்த்தோடு தெரிவித்தார். இத்தனை வருஷம் பழுத்த பேயாக இருந்த சொர்ணவல்லி, அன்று காலை தகுதிகாண் பருவத்துப் பேய் ஆனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று பங்களாவுக்குள் போய், ஆளில்லாத இருட்டில் ஒரு தடவை அலறிப் பார்த்தாள். யாரையும் பயமுறுத்த அல்ல.

திறப்பு விழாவுக்கு வைஷ்ணவி மேடம் நேரில் வந்திருந்தார். பேரிடர் காலத்தில் மனிதநேயத்தோடு நடந்துகொண்ட நிறுவனம் என்று சென்னையில் ஏதோ ஓர் அமைப்பு கொடுத்த கேடயம் மேடையில் மின்னியது. ஊழியர்கள் வெயிலில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். தட்டும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

"நாடு முழுக்க கம்பெனிகள் ஆட்களைத் தூக்கி எறிஞ்ச நேரத்துல, நாங்க எங்க ஃபேமிலியில ஒருத்தரைக்கூட வேலையை விட்டு நீக்கல" என்றார் மேடம். குரல் தழுதழுத்தது. கூட்டம் எழுந்து நின்றது. எழுந்து நிற்க வேண்டிய சாதனைதான்.

டிவியிலிருந்து வந்திருந்த பெண் மைக்கை எடுத்துக்கொண்டு ஊழியர்கள் வரிசைக்கு வந்து, முன்னால் நின்ற சொர்ணவல்லியிடம் நீட்டினாள்.

"உண்மையாவே ஒருத்தரைக்கூட நீக்கலையாம்மா?"

"நெசந்தாங்க" என்றாள் சொர்ணவல்லி. "ஒருத்தரையும் நீக்கல. நீக்கியிருந்தா வேற வேலைக்குப் போயிப் பொழச்சிருப்பமே."